தாமாக நடந்து வந்தவர்களுக்கு ஓர் எண்

கணினித் திரையின் மேல் அடிஸ்கேலை வைத்துப் படிக்கிற ஒருவரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மரத்தாலான பழைய அடிஸ்கேல். இடது கையால் அதைத் திரையின் கண்ணாடிமேல் கிடையாகப் பிடித்துக்கொண்டு, ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறக்குவார். உதடுகள் அசையும், சத்தம் வராது. பிழை கண்ட இடத்தில் ஸ்கேல் நின்றுவிடும். அது நின்றால் அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த எல்லோருடைய விரல்களும் நின்றுவிடும். யாருடைய பிழை என்று தெரியவரும் வரைக்கும் யாரும் தட்ட மாட்டார்கள்.

தொண்ணூற்றேழாம் வருடம். நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியிருந்தேன். பதினைந்து நிமிட தூரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு கார்ப்பெட் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் பின்னால் இருந்த ஒற்றை மாடிக் கட்டடத்தில் வேலை. பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றித் தருகிற சிறு நிறுவனம் அது. நான் அங்கே புரோகிராமர். ஆவணத்தைப் பார்த்து விவரங்களை நிரப்புவதற்கான ஃபார்மைத் திரையில் வடிவமைத்ததும் நான்தான். நிரப்பியவர்களின் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு அந்த அடிஸ்கேல்காரருடையது. ஐம்பது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. அதற்கு முன் இருபது வருடங்களுக்கு மேலாகத் தொலைபேசி டைரக்டரி அச்சிடும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். அச்சகம் மூடப்பட்டதும் அடிஸ்கேலோடு எங்களிடம் வந்துவிட்டார்.

முதல் நாள் வழக்கம்போல ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனாலும் இத்தனை வருடங்களில் என் நினைவுக்குள் அவர் தமிழ் பேசத் தொடங்கிவிட்டார்.

"நான் உனக்கு எந்த வழியில ஆன்ட்டி?" என்றார்.

"எங்க ஊர்ல வயசுல மூத்தவங்களப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். வாய் வராது. வேணும்னா மேடம்னு கூப்பிடறேன்."

"மேடம் வேண்டாம். போலீஸ்காரன் காரை நிறுத்திட்டுக் கூப்பிடற மாதிரி இருக்கு. ஆன்ட்டியே இருக்கட்டும்."

அன்றிலிருந்து அங்கிருந்த நான்கு தமிழர்களுக்கும் அவர் ஆன்ட்டி ஆனார்.

அந்த வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய வேலை வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காத்த தெற்கு மாநிலங்களுக்கு எதிராக வடக்கு ராணுவத்தில் சேர்ந்து சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய்களின் ஓய்வூதியக் கோப்புகள். போர் முடிந்து பல வருடங்கள் கழித்து, உயிரோடிருந்த சிப்பாய்களும் இறந்துபோனவர்களின் மனைவிமாரும் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் திருமணத்துக்குப் பதிவோ சான்றிதழோ கிடையாது. அதனால் அரசு அலுவலர் ஒருவர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். எங்கே பிறந்தாய், யாருக்குச் சொந்தமாக இருந்தாய், யார் கல்யாணம் செய்து வைத்தார்கள், எப்படி விடுதலை ஆனாய் என்று கேட்டு, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாத அவர்களின் வாய்ச்சொல் அப்படித்தான் காகிதத்தில் ஏறியது. அந்தக் காகிதங்களின் மைக்ரோஃபிலிம் சுருள்கள் எங்களிடம் வந்தன.

என்னுடைய ஃபார்மில் 'விடுதலை பெற்ற வழி' என்று ஒரு கட்டம் உண்டு. பல்கலைக்கழகம் கொடுத்த பட்டியலின்படி அதற்கு மூன்று எண்கள். எஜமானர் விடுவித்தார் என்றால் ஒன்று. ராணுவம் விடுவித்தது என்றால் இரண்டு. சட்டம் விடுவித்தது என்றால் மூன்று. தெரியாவிட்டால் ஒன்பது. கச்சிதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்று யோசிப்பது என் வேலை இல்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதிய உணவு வேளை ஞாபகத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த என் நண்பன் ஒருவனுக்கு விசா பிரச்சினை. வேலையை விட்டால் விசா போய்விடும் என்ற கோபத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்திலேயே, "நாம எல்லாருமே அடிமைங்கதான்" என்றான். நானும் சிரித்தேன். அப்படிச் சொல்லிச் சிரிப்பது எங்களுக்குள் வழக்கம். ஆன்ட்டி சூப் கிண்ணத்திலிருந்து தலை நிமிர்ந்தார்.

"வேலையை விட்டா என்ன ஆகும்?"

"ஊருக்குத் திரும்பிப் போகணும் ஆன்ட்டி."

"திரும்பிப் போக ஊர் இருக்கில்ல?"

"இருக்கு."

"உன் பொண்டாட்டி புள்ளைங்க உன்கூடவே வருவாங்கதானே? அவங்கள மட்டும் பிரிச்சு யாரும் வித்துட முடியாதுல்ல?"

நண்பன் தன் சாப்பாட்டு டப்பாவை மூடினான்.

"அப்போ அந்த வார்த்தைய இங்க எடுக்காத" என்று சொல்லிவிட்டுச் சூப்பைக் குடிக்கத் தொடங்கினார். குரலில் கடுமையே இல்லை. எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுகிற அதே குரல். அதன் பிறகு நாங்கள் யாரும் அந்த நகைச்சுவையைச் சொன்னதில்லை.

வேலை தொடங்கிய மூன்றாவது வாரம் ஆன்ட்டி ஒரு கோப்பின் நகலோடு என் மேஜைக்கு வந்தார். "இந்தப் பொண்ணு ஜார்ஜியாவுல ஒரு பருத்தித் தோட்டத்துல இருந்தா. வடக்கு ராணுவம் கடலைப் பார்த்துப் போகும்போது அந்த வழியா வந்திருக்கு. இவ குழந்தைகளைத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்தை விட்டு இறங்கி, ராணுவத்துக்குப் பின்னாடியே நடந்திருக்கா. சிப்பாய்ங்க திரும்பிப் போ, திரும்பிப் போன்னு விரட்டியிருக்காங்க. இவ திரும்பல. நான் என்ன நம்பர் போடறது?"

"இரண்டு" என்றேன். "ராணுவம் வந்ததாலதானே கிளம்பினா?"

"வந்த ராணுவம் போகச் சொல்லுதே. அப்புறம் எப்படி அது விடுவிச்சதாகும்?"

"ஆன்ட்டி, பட்டியல் அவங்க கொடுத்தது. மூணுல ஒண்ணுதான் போட முடியும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். இன்னொண்ணு சேத்துடு."

ஃபார்ம் இறுதியாகிவிட்டது, மாற்ற வேண்டுமென்றால் மேலாளரிடம் கேட்க வேண்டும், மேலாளர் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். மேலாளரிடம் கேட்கவும் செய்தேன். அவர் ஒரே வரியில் முடியாது என்றார். ஆன்ட்டி சண்டை போடவில்லை. அப்படிப்பட்ட கோப்புகளை மட்டும் கையெழுத்திடாமல் தன் மேஜையின் ஓரத்திலிருந்த தட்டில் அடுக்கத் தொடங்கினார். ஒரே வாரத்தில் அந்தத் தட்டு நிறைந்து, பக்கத்தில் இன்னொரு தட்டு வந்தது.

அப்போது ஒருநாள் கேட்டேன், இவர்களில் யாராவது உங்கள் முன்னோர்களா என்று. "தெரியாது" என்றார். "என் குடும்பத்துல அந்தக் காலத்துப் பேர் ஒண்ணுகூட யாருக்கும் தெரியாது. இதுல இருக்கறவங்க யார் வேணும்னாலும் என் ஆளா இருக்கலாம். அதனால எல்லாரையும் ஒழுங்காப் படிக்க வேண்டியிருக்கு."

முதல் பகுதியை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. சரிபார்ப்பவரின் கையெழுத்து இல்லாமல் எதுவும் போகாது. அதற்கு முந்தைய நாள் மாலை, ஆன்ட்டி வீட்டுக்குப் போன பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ரெண்டு தட்டையும் நீயே முடிச்சிடு. எல்லாத்துக்கும் ரெண்டு போடு, சரிபார்த்தவர்னு நீ கையெழுத்துப் போடு. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பற பெட்டி நாளைக்குக் காலையில முதல் வேலையாப் போயிடணும். அப்புறம், உன் எச்-ஒன் விசா நீட்டிப்புக் கடிதம் என் மேஜையிலதான் இருக்கு, சீக்கிரம் பார்க்கறேன்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மிரட்டுகிற மனிதர் இல்லை அவர். இரண்டும் அடுத்தடுத்து அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டேன். ஒவ்வொரு சீட்டிலும் கையெழுத்திட்டேன். பெட்டியில் வைத்து மூடினேன்.

வீட்டில் மனைவிக்கு ஏழாவது மாதம். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க, பயந்துட்டீங்களா?"

"ஆமா."

"பயந்தது தப்புன்னு நான் சொல்லலீங்க. குழந்தை வரப்போகுது, விசா வேணும். ஆனா நாளைக்கு அந்தம்மா மூஞ்சியில எப்படீங்க முழிப்பீங்க?"



மறுநாள் நான் போனபோது பெட்டி கூரியரில் போய்விட்டிருந்தது. தட்டுகள் காலியாக இருந்தன. கோப்புகளின் நகல்களும் கையெழுத்துச் சீட்டுகளின் கார்பன் பிரதிகளும் ஆன்ட்டியின் மேஜையில். ஸ்கேல் என் கையெழுத்தின் அடியில் நின்றிருந்தது.

"இது உன்னோடதா?"

"ஆமா."

"படிச்சியா?"

"எதை?"

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இந்தக் கோப்புகளைப் படிச்சியா?"

"இல்ல."

"சரிபார்த்தேன்னா படிச்சேன்னு அர்த்தம்" என்றார். "நீ ரெண்டு போட்டதுகூட எனக்குப் பெருசில்ல. படிச்சுட்டு ரெண்டுதான் சரின்னு தோணியிருந்தா உன்கூடச் சண்டை போட்டிருப்பேன். படிக்கவே இல்லையே."

மேலே இருந்த நகலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஜார்ஜியாப் பெண்ணின் கோப்பு அது. அன்று மதியம் சாப்பிடப் போகாமல் காருக்குள் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். அந்தப் பெண்ணின் கணவன் முன்பே தோட்டத்திலிருந்து தப்பி ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். அதற்காக அவளுக்குச் சவுக்கடி விழுந்திருக்கிறது. பல மாதங்கள் கழித்து வடக்கு ராணுவம் வருகிறது என்ற செய்தி வந்தபோது, வடக்கத்தியர்கள் குழந்தைகளை ஆற்றில் வீசுவார்கள் என்று எஜமானி சொல்லியிருக்கிறாள். இவள் அதை நம்பவில்லை. சமைத்துக்கொண்டிருந்த சோளக் கஞ்சியைப் பானையோடு தூக்கிக்கொண்டு, மூன்று குழந்தைகளோடு இறங்கிவிட்டாள். கைக்குழந்தையைப் படுக்கை விரிப்பால் முதுகில் கட்டிக்கொண்டாள். நாட்கணக்காக நடை. பின்னால் தெற்கத்தியக் குதிரைப்படை துரத்தி வந்தது, முன்னால் போன ராணுவமோ இவர்களைச் சுமையாக நினைத்தது. ஒரு சதுப்பு நில ஓடையில் ராணுவம் மிதவைப் பாலம் போட்டுக் கடந்தது. சிப்பாய்களும் வண்டிகளும் போகும்வரை ஓரமாக நில்லுங்கள் என்று இவர்களை நிறுத்தி வைத்தார்கள். கடைசி வண்டி கடந்ததும் பாலத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தண்ணீர் குளிர்ந்திருந்தது, அகலமாக இருந்தது. குதிரைச் சத்தம் கேட்டது. இவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஆண்கள் சிலர் மரக்கட்டைகளைக் கொடியால் கட்டி மிதக்க விட்டார்கள். இவள் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூன்று குழந்தைகளோடு இறங்கியவள் இரண்டு குழந்தைகளோடு கரையேறினாள். நடுப் பிள்ளை, ஐந்து வயதுப் பையன், கை நழுவிப் போனான். அக்கரையில் உட்கார்ந்து அழுதாயா என்று அலுவலர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. ஈரத்துணியோடு அன்றே மறுபடியும் நடக்கத் தொடங்கியதாக மட்டும் எழுதியிருக்கிறது. கடைசியில் உன்னை விடுவித்தது யார் என்று அலுவலர் கேட்டிருக்கிறார். யாருமில்லை, நானாகத்தான் வந்தேன் என்று பதில் சொல்லியிருக்கிறாள். அதன் ஓரத்தில், வேறு மையில், அலுவலரோ பின்னால் வந்த யாரோ சுருக்கமாக எழுதியிருந்தார்கள்: ராணுவத்தால் விடுவிக்கப்பட்டவள்.

அந்த ஓரக்குறிப்பு எழுதிய மனிதனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று காருக்குள் உட்கார்ந்து யோசித்தேன். அவனாவது பதிலைக் காதால் கேட்டிருந்தான்.

உள்ளே போய், "தப்புப் பண்ணிட்டேன் ஆன்ட்டி. ஆனா பெட்டி போயிடுச்சு, திரும்ப வாங்க முடியாது" என்றேன்.

"தெரியும். திரும்ப வாங்க வேண்டாம். அதுக்கு அடியில என் கடிதமும் இருக்கு."

முந்தைய நாள் கிளம்புவதற்கு முன்பே, பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதி, சில கோப்புகளின் நகலையும் சேர்த்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது தெரியாமல் அதன்மேல் நான் பொய்க் கையெழுத்துகளை அடுக்கியிருக்கிறேன். இது வெளியே தெரிந்தால் அவர் வேலை போகும், என்னுடையதும் போகலாம். அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

அடுத்த வாரம் பேராசிரியர் வந்தார். வெள்ளைக்காரர், அறுபதுக்கு மேல் வயது, மழையில் நனைந்த கோட்டு. மேலாளர், ஆன்ட்டி, நான், அவர் என்று நான்கு பேர் சிறு அறையில் உட்கார்ந்தோம். அவர் மேஜைமேல் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று ஆன்ட்டியின் கடிதம். மற்றது என் கையெழுத்துச் சீட்டு. என்னைப் பார்த்து, "நீங்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டீர்களா?" என்று கேட்டார்.

மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை. கையெழுத்திட்ட பிறகுதான் படித்தேன். படித்திருந்தால் இட்டிருக்க மாட்டேன்" என்றேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியைச் சொல்லி முடித்தபோது என் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

பேராசிரியர் ஆன்ட்டியிடம் திரும்பினார். "இந்த வகைப்பாட்டைச் செய்தது நான். இருபது வருடமாக மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் என்ன தவறு?"

"நான் வரலாறு படிச்சவ இல்ல" என்றார் ஆன்ட்டி. "மெய்ப்புத் திருத்தறவ. வாக்கியத்தை மட்டும்தான் பார்ப்பேன். உங்க வாக்கியம் மூணுலயும் எழுவாய் தப்பா இருக்கு. எஜமானர் விடுவித்தார், ராணுவம் விடுவித்தது, சட்டம் விடுவித்தது. நடந்து வந்தவ ஒரு வாக்கியத்துலகூட எழுவாயா வரல. அவளைப் போய்க் கேட்டிருக்காங்க, அவளே பதிலும் சொல்லியிருக்கா. நானாகத்தான் வந்தேன்னு. அதைப் போட உங்க ஃபார்ம்ல இடமில்ல."

பேராசிரியர் ஆன்ட்டியின் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தார். பிறகு, "நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?" என்றார். ஆன்ட்டி தயாராக வைத்திருந்த துண்டுச் சீட்டைத் தள்ளினார். அதில் 'தானே வெளியேறினார்' என்று எழுதியிருந்தது. எண் நான்கு.

புரோகிராமில் அதைச் சேர்க்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அனுப்பிய கோப்புகளையெல்லாம் திரும்ப வரவழைத்து மறுபடியும் படிக்க மூன்று மாதம் ஆனது. சனிக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்தேன். பீரங்கிச் சத்தம் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிய சமையல்காரி, எஜமானரின் கோவேறு கழுதையிலேயே ஏறி வந்தவன், எந்தப் பாதையில் தெற்குப்படை பதுங்கியிருக்கிறது என்று வடக்குச் சிப்பாய்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு அவர்களோடேயே நடந்தவன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். உற்சாகத்தில் நான் எல்லோருக்கும் நான்கு போடத் தொடங்கியபோது ஸ்கேல் நின்றது. "இவனைச் சிப்பாய்ங்க பூட்டை உடைச்சு வெளிய எடுத்து வண்டியில ஏத்தியிருக்காங்க. இது ரெண்டுதான். அவங்க செஞ்சதை நாம எடுத்துக்கக் கூடாது" என்றார். அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு முழுமையானது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன். தன் ஆட்களுக்காகக்கூட அவர் ஒரு வரியைக் கூட்டி எழுதவில்லை.

என் விசாக் கடிதம் இரண்டு வாரம் தாமதமாக, ஆனால் வந்துவிட்டது. மகள் பிறந்தாள். இன்று அந்த நிறுவனமும் இல்லை, அந்தக் கட்டடமும் இல்லை. நான் பிறகு டெக்சாஸுக்கு மாறிவந்து வேறு வேலைகள் பார்த்து, எத்தனையோ ஃபார்ம்களை வடிவமைத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்துக்கு எத்தனை பதில்கள் என்று முடிவு செய்யும் இடத்தில் கை கொஞ்சம் நிதானிக்கிறது. இதில் இடம் கிடைக்காமல் போகிறவர் யார் என்று யோசிக்கிறேன். எல்லா நேரமும் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று சொல்ல முடியாது.

வேலை முடிந்த வாரம் ஆன்ட்டிக்கு ஒரு வழியனுப்பு நடந்தது. கேக் வாங்கியிருந்தார்கள். பேராசிரியருக்கு நேரடியாகக் கடிதம் எழுதிய விஷயத்தை மேலாளர் மனதில் வைத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் தன் பல்கலைக்கழகத்திலேயே கோப்புகளைத் திருத்தும் வேலைக்கு ஆன்ட்டியை அழைத்ததும், ஆன்ட்டி அந்தத் திங்கட்கிழமையே மேலாளரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டதும் எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. மேலாளர் காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ஆன்ட்டியின் உழைப்பைப் பாராட்டினார். திட்டம் முடிந்துவிட்டதால் நிறுவனம் அவரை விடுவிக்க முடிவு செய்திருக்கிறது என்றார்.

ஆன்ட்டி கையை உயர்த்தினார்.

"ஒரு திருத்தம்" என்றார். "நிறுவனம் என்னை விடுவிக்கல. நான் போறேன்."

என் சென்னை நண்பன், அன்று சூப் கிண்ணத்துக்கு எதிரே வாயடைத்துப் போனவன், பலமாகக் கை தட்டினான். நாங்கள் எல்லோரும் தட்டினோம். மேலாளருக்கும் வேறு வழியில்லை, தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் தட்டினார். ஆன்ட்டி தன் பங்குக் கேக்கை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டி, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வாசல் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு நடந்து போனார்.